வேலை நேரக் கணக்கு: கணினி பார்ப்பதும் பார்க்காததும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் சென்னை ஓஎம்ஆரில் ஏதாவது ஓர் ஐடி அலுவலகத்துக்குள் போனால் இந்தக் கேள்வி காதில் விழும்: "செவ்வாய்க்கிழமை நாம என்ன பண்ணிட்டிருந்தோம்?" கேட்பவர் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதும் டைம்ஷீட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரருக்கும் நினைவில்லை. பழைய மெயிலைத் தேடுகிறார்கள், காலண்டரைத் திறந்து பார்க்கிறார்கள், கடைசியில் ஏதோ ஒரு டாஸ்க்குக்கு நேரே எட்டு மணி நேரம் என்று போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புகிறார்கள். ஐந்து நாளுக்கும் எட்டு எட்டு. கூட்டினால் நாற்பது.

நானும் ஆறு வருடம் அப்படித்தான் நிரப்பினேன். இப்போது வீட்டிலிருந்து தனியாக சாஃப்ட்வேர் வேலை எடுத்துச் செய்கிறேன். நேரத்தைக் கணக்கு வைத்தால்தான் கைக்குக் காசு வரும். அதற்காகவே இந்த நேரப் பதிவு மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவை உள்ளே என்ன செய்கின்றன, எதைப் பார்க்கின்றன, எதைப் பார்க்கவே முடியாது என்று விளக்கமாக எழுத வேண்டும் என்பது ரொம்ப நாள் எண்ணம். இன்று நிறையப் பேருடைய சம்பளமும் வேலையும் இந்த எண்களை நம்பி இருக்கின்றன.

முதலில், அந்த வெள்ளிக்கிழமை எண் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஐடி சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக கிளையண்டிடம் பணம் வாங்குகின்றன. மொத்த வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது ஒன்று. ஓர் ஆளுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாங்குவது இன்னொன்று. இரண்டாவது வகையில் டைம்ஷீட்தான் பில். மேனேஜர் ஒப்புதல் கொடுத்ததும் நாம் போட்ட எட்டு மணி நேரம் இன்வாய்ஸில் ஒரு வரியாகி கிளையண்டுக்குப் போய்விடும். டைம்ஷீட் போடாதவருக்கு அத்தனை ரிமைண்டர் மெயில் வருவது அதனால்தான். முதல் வகைக்கும் இந்த எண் வேண்டும். இதே மாதிரி வேலைக்குப் போன முறை எத்தனை மணி நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் அடுத்த முறை விலை சொல்வார்கள். குத்துமதிப்பாகப் போட்ட எட்டுகளிலிருந்து வரும் எஸ்டிமேட்டும் குத்துமதிப்பாகத்தான் இருக்கும். டெலிவரி நெருங்கும்போது சனி ஞாயிறு வந்து உட்கார்ந்து அந்தத் தவறை ஈடுகட்டுவதும் அதே டீம்தான்.

வேலை நேரத்தை இயந்திரத்தில் பதிவது கணினிக்கு முந்தைய பழக்கம். 1888-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆபர்ன் என்ற ஊரில் நகைக்கடை வைத்திருந்த வில்லர்ட் பண்டி ஒரு கடிகாரம் செய்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த ஒரு சாவி. வரும்போதும் போகும்போதும் அதை நுழைத்துத் திருப்பினால் அவருடைய எண்ணும் நேரமும் காகிதச் சுருளில் அச்சாகும். பண்டியின் தொழில் 1900-ல் இன்டர்நேஷனல் டைம் ரெக்கார்டிங் கம்பெனிக்குள் சேர்ந்தது. 1911-ல் அது வேறு சில கம்பெனிகளோடு இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனம் 1924-ல் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ஐபிஎம். இன்றைய கணினித் தொழிலின் மூதாதையரில் ஒருவர் ஒரு வருகைப் பதிவுக் கடிகாரம்.

பண்டியின் கடிகாரத்துக்கு வந்த நேரமும் போன நேரமும் மட்டும்தான் தெரியும். நடுவே எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்ற கேள்வியை வளர்த்தவர்கள் வழக்கறிஞர்கள். பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ஒரு மணியைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்தை ஓர் அலகாக வைத்து, ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் செலவான நேரத்தை எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அந்தக் கணக்கில் ஒரு மணி 42 நிமிடம் என்றால் 1.7. வழக்கறிஞர் சங்கங்கள் வைத்திருந்த குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் செல்லாது என்று 1975-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு மணிக்கணக்கு பில் இன்னும் ஆழமாக வேரூன்றியது.

சரி, மென்பொருளுக்கு வருவோம். டெஸ்க்டாப்பில் ஓடும் நேரப் பதிவுகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு.

முதல் குடும்பத்தில் நாமே பொத்தானை அழுத்த வேண்டும். வேலையின் பெயரை எழுதி டைமரை ஓடவிடுவோம், முடிந்ததும் நிறுத்துவோம். எஸ்டோனியாவில் பிறந்த டாகிள், லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் ஹாம்ஸ்டர், ஈமேக்ஸ் எடிட்டருக்குள் இருக்கும் ஆர்க் மோட் எல்லாம் இந்த வகை. ஹாம்ஸ்டரில் "பிழைதிருத்தம்@பில்லிங்" என்று ஒரே வரியில் அடித்தால் போதும், @ குறிக்கு முன்னால் இருப்பதை வேலையாகவும் பின்னால் இருப்பதைப் பிரிவாகவும் எடுத்துக்கொள்ளும். இந்தக் குடும்பத்தின் பலம், வேலைக்குப் பெயர் வைப்பது நாம் என்பது. பலவீனம், மறதி. டைமரை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். இல்லையென்றால் மும்முரமாக இரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, டைமரைத் தொடவே இல்லை என்பது அப்புறம்தான் தெரியும்.

இரண்டாவது குடும்பம் தானாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரெஸ்க்யூடைம், மேனிக்டைம், திறமூல மென்பொருளான ஆக்டிவிட்டிவாட்ச் எல்லாம் இதில் வரும். இவை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்பது அடிப்படையில் இரண்டே கேள்விகள். இப்போது முன்னால் இருக்கும் விண்டோ எது, அதன் தலைப்பு என்ன? கடைசியாகக் கீபோர்டோ மவுஸோ அசைந்து எவ்வளவு நேரம் ஆயிற்று? சில விநாடிகளுக்கு ஒரு முறை இதையே கேட்டுக்கொண்டிருக்கும். பதில் மாறாதவரை பழைய வரியை நீட்டும், மாறினால் புது வரி தொடங்கும். ஆக்டிவிட்டிவாட்ச் நீங்கள் மாற்றாதவரை மூன்று நிமிடத்தை எல்லையாக வைத்திருக்கும். மூன்று நிமிடம் எதுவும் அசையவில்லை என்றால் ஆள் இருக்கையில் இல்லை என்று எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் மூளை. "ஏஐ பகுப்பாய்வு", "உற்பத்தித்திறன் மதிப்பெண்" என்றெல்லாம் விளம்பரங்களில் படிக்கும்போது, அடியில் இருப்பவை இந்த இரண்டு கேள்விகள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விண்டோ தலைப்பு சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பிரவுசரின் தலைப்பில் உங்கள் வங்கியின் பெயர் வரும், தேடிப் பார்த்த நோயின் பெயர் வரும், மெயிலின் பொருள் வரி வரும். லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய எக்ஸ்11 முறையில் எந்த மென்பொருளும் மற்ற மென்பொருள்களின் விண்டோவைத் தடையின்றிப் பார்க்கலாம். அது ஆபத்து என்றுதான் புதிய வேலண்ட் முறையில் அந்த வழியை அடைத்தார்கள். வேலண்டுக்கு மாறியவர்களுக்குத் தானியங்கி நேரப் பதிவு திடீரென்று குருடானதற்குக் காரணம் இதுதான். கூடுதலாக ஓர் எக்ஸ்டென்ஷன் போட்டால்தான் அதற்குக் கண் தெரியும். எனக்கும் ஒரு வாரப் பதிவு அப்படிப் போனது. போனால் போகட்டும், அந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன்.

இனி என் பதிவிலிருந்து ஒரு காலை. 9:10 முதல் 9:24 வரை எடிட்டர். 9:31 வரை பிரவுசர். 9:31 முதல் 10:12 வரை ஆள் இல்லை. 10:12 முதல் 10:20 வரை மறுபடி எடிட்டர். இதை மட்டும் பார்ப்பவருக்கு நான் 29 நிமிடம் வேலை பார்த்து 41 நிமிடம் ஊர்சுற்றியவன். உண்மையில் அந்த 41 நிமிடம் திண்ணையில் ஒரு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு கடைக்காரரின் பில்லிங் மென்பொருளில் திருப்பிக் கொடுத்த சரக்கின் தொகை மாதக் கடைசியில் மட்டும் தப்பாக வந்துகொண்டிருந்தது. எந்தத் தரவு டேபிளிலிருந்து எந்த டேபிளுக்குத் தேதி போகிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டே வந்தபோது, பில் தேதிக்குப் பதிலாகத் திருப்பிய தேதியை எடுத்திருக்கிறேன் என்பது பிடிபட்டது. உள்ளே வந்து எட்டு வரி மாற்றினேன், சரியாகிவிட்டது. அன்றைக்கு நடந்த வேலை முழுக்க மென்பொருள் "ஆள் இல்லை" என்று எழுதிய இடத்தில்தான் நடந்தது.

திரும்பி வந்து மவுஸைத் தொட்டதும் டாகிள் போன்ற மென்பொருள்கள் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும்: இத்தனை நிமிடம் அசைவில்லை, அந்த நேரத்தை வைத்துக்கொள்ளவா, நீக்கிவிடவா? இந்த மென்பொருள்களில் எனக்கு மிகப் பிடித்த இடம் இந்தப் பெட்டிதான். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் வேலை செய்தவர். அந்த 41 நிமிடத்துக்கு நான் "வைத்துக்கொள்" என்று சொன்னேன். மதியம் தூங்கிய நேரத்துக்கு "நீக்கு" என்று சொன்னேன்.

பதிவு எனக்குக் கற்றுக்கொடுத்ததும் உண்டு. கிளையண்டோடு பேசும் ஃபோன் கால் பதினைந்து நிமிடம் என்று காலண்டரில் இருக்கும், நானும் பதினைந்து நிமிடத்துக்கே பில் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரப் பதிவை எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு காலுக்கும் முன்னால் பழைய மெயிலைப் படிப்பதும், பேசி முடித்தபின் பேசியதை எழுதி அனுப்புவதும் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்குக் குறைவில்லை. வருடக்கணக்கில் அரை மணி அரை மணியாக விட்டுக்கொடுத்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மாதத்துக்கு இத்தனை கால், அதற்கு இவ்வளவு என்று தனி வரியாகப் போடத் தொடங்கினேன். யாரும் மறுக்கவில்லை.

இதுவரை சொன்னது கணக்கு. நம் நோட்டில் நாம் எழுதி நாமே பார்ப்பது. அதே எண்கள் நேரே இன்னொருவர் திரைக்குப் போகும்போது அது கண்காணிப்பு ஆகிவிடுகிறது. தமிழருக்கு இந்த வேறுபாடு புதிதில்லை. தோட்டங்களில் ஆள் வைத்து வேலை வாங்கியவருக்குக் கங்காணி என்று பெயர், கண்காணி என்பதிலிருந்து வந்த சொல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் கொழுந்து குறிப்பிட்ட கிலோ தேறாவிட்டால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் "அரைப் பேர்"தான் விழும், சம்பளமும் பாதிதான். எதை அளப்பது என்று முடிவு செய்கிறவர் கையில்தான் எதற்குக் கூலி என்பதும் இருக்கிறது.

கணினியில் இதன் தெளிவான வடிவம், ஃப்ரீலான்சர்களுக்கு வேலை பிடித்துத் தரும் அப்வொர்க்கின் டெஸ்க்டாப் செயலி. மணிக்கணக்கில் வேலை எடுத்தவர் அதை ஓடவிட்டால் நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டும். ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் ஏதோ ஒரு கணத்தில் திரையைப் படம் பிடிக்கும், எத்தனை முறை கீ தட்டினீர்கள், மவுஸைக் கிளிக் செய்தீர்கள் என்று எண்ணும். எந்த எழுத்தைத் தட்டினீர்கள் என்பதைப் பதியாது, எண்ணிக்கை மட்டும்தான். கிளையண்ட் இதை எல்லாம் பார்க்கலாம். ஒரு படம் வேண்டாம் என்று நீங்கள் நீக்கினால் அந்தப் பத்து நிமிடத்துக்கான காசும் போய்விடும். இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முகம் தெரியாத தேசத்து கிளையண்ட் பணம் தர மறுத்தால், இந்தச் செயலி வழியாகப் பதிந்த நேரத்துக்குத்தான் அப்வொர்க் உத்தரவாதம் தருகிறது. கையால் எழுதிய நேரத்துக்குக் கிடையாது. புதிதாக வருபவர்கள் மறுபேச்சில்லாமல் ஓடவிடுவது இதனால்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கீ தட்டிய எண்ணிக்கை வேலையின் அளவு என்று ஆக்கிவிட்டால், மனிதர்கள் கீ தட்டத் தொடங்கிவிடுவார்கள். மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் சின்னக் கருவிகள் ஆன்லைனில் விற்கின்றன. 2024-ல் அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோ, கீபோர்டு அசைவைப் போலியாக உண்டாக்கி வேலை செய்வதுபோல் காட்டியதாகப் பன்னிரண்டு பேருக்கும் மேல் வேலையை விட்டு நீக்கியது. அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு அசைவைப் பார்க்கும் ஏற்பாடு இப்படித்தான் போய் முடியும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2023 ஜனவரியில் வந்த ஒரு தீர்ப்பு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு கணக்காளரின் கணினியில் டைம்கேம்ப் என்ற மென்பொருளை நிறுவனம் போட்டது. அவர் டைம்ஷீட்டில் எழுதியதற்கும் மென்பொருள் சொன்னதற்கும் இடையே ஐம்பது மணி நேரத்துக்குமேல் வித்தியாசம். வேலை போனது. காகிதத்தில் அச்செடுத்து வைத்துத்தான் பார்த்தேன், அது மென்பொருளில் எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். நான் திண்ணையில் உட்கார்ந்த கதைதான். ஆனால் அச்செடுத்ததையும் டைம்கேம்ப் பதியும், அவ்வளவு பக்கம் அச்சாகவில்லை, காகிதத்தில் பார்த்ததைக் கணினியில் ஏற்றியாக வேண்டுமே, அந்த நேரமும் காணோம் என்று நிறுவனம் காட்டியது. தீர்ப்பாயம் அதை ஏற்றது. வேலை போனதற்கு ஈடு கேட்டுப் போனவர், 2,600 கனடிய டாலருக்கும் மேல் நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கில் தீர்ப்பு நியாயமாகவே இருக்கலாம். என்னை உறுத்துவது வேறு. நான் வேலைதான் செய்தேன் என்று நிரூபிக்கும் சுமை ஆளின் தலையில் விழுந்துவிட்டது. நிரூபிக்க அவர் கையில் தனியாக ஒரு பதிவும் இல்லை.

பிரான்ஸில் இதற்கு நேர் எதிரான ஒரு முடிவு வந்தது. அங்குள்ள தனியுரிமைக் காப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 2024 டிசம்பரில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது. கீபோர்டும் மவுஸும் மூன்று முதல் பதினைந்து நிமிடம் அசையாவிட்டால் அதைச் சும்மா இருந்த நேரம் என்று அந்த நிறுவனத்தின் மென்பொருள் குறித்துக்கொண்டது. அவ்வப்போது திரையையும் படம் பிடித்தது. மீட்டிங்கில் இருக்கலாம், ஃபோனில் பேசிக்கொண்டிருக்கலாம், அதுவும் வேலை நேரம்தானே என்றது சிஎன்ஐஎல். 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், புரடக்டிவிட்டி ஸ்கோர் என்று தனித்தனி ஊழியர் பெயரோடு எண் காட்டியபோது எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே பெயர்களை எடுக்க வேண்டியதாயிற்று. எதிர்த்துச் சொன்னால் கேட்கிறார்கள் என்பதும் பதிவில் இருக்கட்டும்.

அதற்காக நேரப் பதிவே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2019 மே 14 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. வழக்குப் போட்டது ஸ்பெயின் நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று, எதிர்த்தரப்பு டாய்ச்சே வங்கியின் ஸ்பெயின் கிளை நிறுவனம். அந்த வங்கியின் அமைப்பில் முழு நாள் விடுப்பு மட்டும்தான் பதிவாகும், யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்பது பதிவாகாது. ஒவ்வொருவரும் தினமும் வேலை செய்த நேரத்தை அளக்க நம்பகமான ஏற்பாட்டை நிறுவனங்கள் வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் நேரம் உழைத்ததைத் தொழிலாளி எப்படிக் காட்டுவார் என்று நீதிமன்றம் கேட்டது. இங்கே பதிவு வேண்டும் என்று கேட்டுப் போனது தொழிலாளர் தரப்பு.

நம் ஊருக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் இருந்து நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. திரையைப் படம் பிடிப்பது, கீ தட்டலை எண்ணுவது பற்றி நம்மிடம் தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சம்பந்தமான காரணங்களுக்கு ஊழியரின் தனிச் சம்மதம் கேட்காமலே தரவைக் கையாள முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. அந்த இடம் எவ்வளவு தூரம் போகும் என்பதை இனிமேல் வரும் வழக்குகள்தான் சொல்ல வேண்டும். அதுவரை, கம்பெனி லேப்டாப்பில் சொந்த மெயிலைத் திறக்காமல் இருப்பது நல்லது.

நான் இப்போது வைத்திருப்பது இரண்டையும் கலந்த ஏற்பாடு. ஆக்டிவிட்டிவாட்ச் பின்னணியில் ஓடும், தரவு என் கணினியை விட்டு வெளியே போகாது. சாயங்காலம் ஐந்து நிமிடம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்றைய வேலையை என் வார்த்தையில் ஹாம்ஸ்டரில் எழுதுவேன். ஆள் இல்லை என்று காட்டும் இடங்களில் என்ன செய்தேன் என்பது அன்றைக்கே என்றால் நினைவிருக்கும், வெள்ளிக்கிழமை வரை விட்டால் போச்சு. வேலைப் பிரிவுகளை ஏழோடு நிறுத்திக்கொண்டேன். முதலில் முப்பது வைத்திருந்தேன், எதை எதில் போடுவது என்று யோசிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. கிளையண்டுக்கு அனுப்புவது ஹாம்ஸ்டர் கணக்கு மட்டும்.

என்னோடு முன்பு வேலை பார்த்த தோழி ஒருவருக்கு இந்த மென்பொருள் எதுவுமே தேவைப்படவில்லை. அவருடைய டீமில் ராத்திரி ஒன்பதரைக்குமேல் அமெரிக்க கிளையண்டோடு தினமும் கால். கம்பெனி டைம்ஷீட்டில் ஒரு நாளுக்கு எட்டுக்குமேல் போட்டால் சிவப்பாகி ஏற்க மறுக்கும், அதனால் அந்த நேரம் எங்குமே இல்லை. அவர் டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் திறந்து தினமும் ஒரு வரி எழுதினார்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எதற்காக. இரண்டு மாதம் கழித்து வாரவாரியாகக் கூட்டி அச்செடுத்து மேனேஜரிடம் கொண்டுபோனார். ஒரு வாரம் 51 மணி நேரம், அடுத்தது 49, அதற்கடுத்தது 53. மேனேஜர் கம்பெனி டைம்ஷீட்டைத் திறந்து பார்த்தார். எல்லா வாரமும் நாற்பது. "இதுல எட்டுக்குமேல போடவே முடியலையே, அப்புறம் எப்படித் தெரியும்?" என்று அவரே கேட்டாராம். அடுத்த மாதத்திலிருந்து ராத்திரி அழைப்பை நான்கு பேர் முறைவைத்துப் பிரித்துக்கொண்டார்கள். தோழி அந்த ஃபைலில் இன்னும் தினமும் ஒரு வரி எழுதி வருகிறார்.